பிரேக் இல்லாத வண்டிக்கு என் கை நீளாது

நீ நலமாக இருக்கிறாய் என்பதை நான் அறிவேன். இன்று காலை எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லித் தட்டைக் காலி செய்து, சட்னியில் உப்புக் கூடிவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனாய். ஆகவே நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கூரையின் கீழ் வசிக்கும் மகனுக்குத் தாய் கடிதம் எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நான் வாயைத் திறந்து இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் உன் கைப்பேசி ஒலிக்கிறது. சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ நம் ஆழ்துளைக் கிணற்று வண்டியின் குழாய் பாறைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. நீ வாசலுக்குப் போய் உனக்குத் தெரிந்த இந்தியில் கத்துகிறாய். நான் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறேன். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இதை அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன். நீ எதை வாங்கினாலும் அடுத்த மாதமே திருச்செங்கோட்டில் உன் கூட்டாளிகள் அத்தனை பேரும் அதையே வாங்குவார்கள். அவர்களுடைய தாய்மார்கள் கடிதம் எழுதும் வேலையையாவது மிச்சப்படுத்துவோம்.

வரும் புதன்கிழமை உன் விசைப்படகுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், அதை என் கையால் கொடுத்தால்தான் விளங்கும் என்று கேட்டாய். முழங்கால் வலிக்கிறது என்றேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். ஆனால் முன்பணத்தை யாரும் முழங்காலால் கொடுப்பதில்லை. உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் குடும்பத்தில் என் கைக்கென்று ஒரு தனி உத்தியோகம் உண்டு. உன் அப்பா முதல் லாரி வாங்கிய நாளிலிருந்து, நம் வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் முன்பணம் என் கையால்தான் போனது. முதல் வண்டி நன்றாக ஓடியது; உடனே எனக்குக் கைராசி இருப்பதாக அறிவிக்கப்பட்டது. நானோ சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள். காரணம், காரியம் பற்றிக் காலை முழுவதும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாலையில் வெற்றிலைத் தட்டோடு வண்டிக் கம்பெனி ஷோரூமில் போய் நிற்பேன். உன் அப்பா போன பிறகு, கைம்பெண்ணின் கை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். விசேஷ வீடுகளில் குங்குமச் சிமிழ் என்னைத் தாண்டிப் போனது. ஆனால் டீசல் குடிக்கும் எதற்கும் அந்தக் கை ஆகும் என்று அதே உறவுக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்கும் என்னைக் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. மூடநம்பிக்கைகளுக்குள்ளும் லாபம் தருவதற்கே முதலிடம் என்பதைச் செலவில்லாமல் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கைராசி எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்கிறேன். உன் அப்பா எந்த வண்டியை வாங்குவதற்கு முன்னும் அதே மாதிரி வண்டியில் இன்னொருவரிடம் வேலை பார்த்தார். லாரி வாங்குவதற்கு முன் கிளீனராகப் போனார். துளையிடும் வண்டி வாங்குவதற்கு முன் வேறொருவர் வண்டியில் குழாய் தூக்கும் ஆளாக ஆந்திரா முழுவதும் சுற்றினார். தீபாவளிக்கு ஊர் வந்தபோது காதுமடல் வரை கல்மாவு அப்பியிருந்தது. முதுகலை படித்த பெண்ணுக்கு வாய்த்த மாப்பிள்ளையைப் பாருங்கள் என்று என் பிறந்த வீட்டார் தலைகுனிந்தார்கள். "எங்கூட்டுல எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்கறாங்க" என்று நான் சொன்னதற்கு, "சிரிக்கட்டும் புள்ள. இப்பச் சிரிச்சா எனக்கென்ன நட்டம்? வண்டி வாங்குனப்பறம் சிரிச்சாத்தான் நட்டம்" என்றார். அவர் ஒரு வண்டியை வாங்கும் நாளில் அதில் அவருக்குத் தெரியாத போல்ட் ஒன்றுகூட இருக்காது. அப்படிப்பட்டவர் வாங்கும் வண்டிக்கு எதிர்வீட்டு எருமை முன்பணம் கொடுத்திருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். நீயோ அவர் பட்ட பாட்டை விட்டுவிட்டு, என் கையை மட்டும் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொண்டாய்.

படகு ஆசை உனக்கு எப்படி வந்தது என்பதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தேழு வயது வரை உனக்குப் பெண் அமையவில்லை. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் பெண்கள் குறைவு, இருக்கும் பெண்களுக்குப் படிப்பு அதிகம், படித்த பெண்களுக்குப் பெங்களூரு பக்கம். நம் வீட்டில் தரகர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு கல்யாணப் பந்தியே நடத்தியிருக்கலாம். கடைசியில் காவிரிக்கு அக்கரையில், பூலாம்பட்டிக்கு எதிர்ப்புறத்துக் கிராமம் ஒன்றில், மேகலா கிடைத்தாள். கால்நடை மருத்துவர். எந்த மாடு உதைக்கும் என்பதை ஒரு பார்வையில் சொல்லக்கூடியவள். பெண் பார்க்கப் போன அன்று உன்னை நேராகப் பார்த்து, "ஜாதகத்துல போட்டிருக்கற ஒசரம் செருப்போடீங்களா, செருப்பில்லாமீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

தை மாதம் முகூர்த்தம், அவர்கள் ஊரில். சாதாரண மனிதர்களாக இருந்தால் பெண்ணைக் காரில் ஏற்றி, பவானிப் பாலத்தைத் தாண்டி, குமாரபாளையம் வழியாக வீடு வந்து சேர்வார்கள். நீ கைப்பேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறப்பதைப் பார்த்துவிட்டு, சொந்தமாக விசைப்படகு வாங்கி, மாலையும் கழுத்துமாக நீயே ஓட்டி அவளை இக்கரைக்குக் கொண்டுவரப்போவதாக நிச்சயதார்த்தச் சபையில் அறிவித்தாய். அதுவரை நீ படகு ஓட்டியதில்லை. ஏற்காட்டு ஏரியில் மிதிபடகில் போனதைச் சேர்க்க முடியாது. அதிலும் மிதித்தவள் நான்.

மேகலாவின் தாய்மாமன் பூலாம்பட்டிப் படகுத்துறையில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் படகில் ஏற்றிப் போகிறவர். மாப்பிள்ளை ஆசைப்படுகிறாரே என்று தம்முடைய சிறிய மோட்டார் படகை ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கொடுத்தார். "பைய ஓட்டுங்க மாப்பளை. எந்தப் பக்கம் போகோணுமோ அதுக்கு எதிர்ப்பக்கமாக் கைப்பிடியத் தள்ளோணும்" என்றார். "மாமா, நான் போர் வண்டியக் கொல்லிமலை உச்சிக்கே ஏத்துனவனுங்க" என்றாய். ஏற்றினாய், மறுக்கவில்லை. ஆனால் நீ ஏறி முடிக்கும் வரை கொல்லிமலை அசையாமல் ஓரிடத்தில் நின்றது. கரையில் இருந்து பார்த்த எங்களுக்கு, நீ இடதுபுறம் போக விரும்புவது உன் தோளில் தெரிந்தது. படகு வலதுபுறம் போனது. நீ இன்னும் அழுத்தமாக விரும்பினாய். படகு இன்னும் அழுத்தமாக வலதுபுறம் போனது. அங்கே பெண்கள் துணி துவைக்கும் படித்துறை. உன் வலது கால் அடிப்பலகையை மிதி மிதியென்று மிதித்தது. லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறவியிலேயே வரும் பழக்கம் அது. ஆனால் படகில் அந்த இடத்தில் பலகை மட்டும்தான் இருக்கும். கடைசியில் படகின் மூக்கு படியேறி, ஒரு பெரியம்மாள் அலசிக்கொண்டிருந்த போர்வையின் மேல் போய் நின்றது. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஏனுங்க, இது யாரூட்டு மாப்பளைங்க? துணி போடோணும்னா நடந்து வந்து போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. இப்பிடியா வந்து உழுவறது?"

மேகலா என் பக்கத்தில் நின்றிருந்தாள். "எங்கூட்டு மாப்பளைதானுங்க அம்மாயி" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். இந்தப் பெண்ணைத் தவறவிட்டால் உனக்கு இனி எந்தப் பெண்ணும் இல்லை என்று எனக்கு அந்தப் படித்துறையில்தான் உறுதியாயிற்று. இந்தக் கடிதத்தின் உண்மையான விஷயமும் அதுதான்; படகு அல்ல.

புத்தியுள்ளவன் அதோடு நின்று ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பான். நீ பிழை படகிடம் இருப்பதாகக் கண்டுபிடித்தாய். படகு இலேசாக இருப்பதுதான் குறை, கனம் ஏற்றினால் சொன்ன பேச்சுக் கேட்கும் என்றாய். நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை இது. நாம் யாரும் முழு வண்டி வாங்குவதில்லை. என்ஜினும் சட்டமும் மட்டுமான வெறும் சேஸாக வாங்கிவந்து, பட்டறையில் விட்டு, நம் இஷ்டத்துக்குப் பாடி கட்டுவோம். படகையும் அப்படியே வெறும் தொட்டியாக வாங்கி லாரிப் பட்டறையில் விடத் தீர்மானித்தாய். பட்டறைக்காரரோடு நீ ஸ்பீக்கரில் பேசியதை நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதும் கேட்டேன்.

"கேபின் கட்டிப்போடலாமுங்க. தகரம் வேண்டாம், கனத்த பிளேட்டாவே போட்டுருவோம்."

"மேல கேரியர் வருமுங்களா? சீர் சாமான் ஏத்தோணும். பீரோ, கட்டிலு, கிரைண்டரு."

"தாராளமா வருமுங்க. ஏறி எறங்க ஏணியும் வெச்சுத் தாரேன். பின்னால ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதோணுமுங்களா?"

"எழுதிப்போடுங்க. எவனாச்சும் பின்னால வந்தா?"

காவிரியில் உன்னைப் பின்னால் வந்து முந்தக்கூடியது ஆகாயத்தாமரை மட்டுமே. நான் வெண்டைக்காயை வைத்துவிட்டு வந்து, மிதக்கும் பொருளின் தலையில் கனம் ஏறினால் அது எப்படிக் கவிழும் என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினேன். "அம்மா, இது காலேஜ் இல்ல" என்றாய். "ஆமா சாமி. காலேஜ்ல பெயிலானா அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்றேன். நீயும் பட்டறைக்காரரும் பேச்சை மாற்றி, பூஜையன்று எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழ் வைப்பது, சக்கரமே இல்லையே, தேங்காயை ஃபைபர் உடம்பில் எங்கே உடைப்பது என்று வெகுநேரம் ஆராய்ந்தீர்கள். படகில் ஏறப்போகிறவர்களில் யாருக்கு நீந்தத் தெரியும் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

இரண்டாம் முறை நானே ஏறினேன். என்னை உட்காரவைத்து ஓட்டி நிரூபித்துக் காட்டுவதாகச் சொன்னாய். நிரூபணம் என்ற சொல்லைக் கேட்டால் மயங்கிவிடும் பலவீனம் எனக்கு எப்போதும் உண்டு. தாய்மாமன் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். நான் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். நீ அதை மடித்துப் போட்டு மெத்தையாக உட்கார்ந்துகொண்டாய். நடு ஆற்றில் மோட்டார் இருமியது, பிறகு நின்றது. நங்கூரத்தைப் போடச் சொல்லி அவர் கரையில் இருந்து கத்தினார். உனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் நீ கைப்பேசியில் திருச்செங்கோட்டு மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தாய். "ஏர் லாக்கா இருக்குமுங்க, ஓரங்கட்டிப்போட்டுக் கழட்டிப் பாருங்க" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. படகோ ஆற்றைத் தேக்கி நிற்கும் கதவணைப் பக்கமாகத் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. வண்டி நின்றால் ஓரங்கட்டிவிட்டுப் போன் பேசிப் பழகியவர்கள் நாம். ஆற்றில் ஓரம் என்ற ஒன்று இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அம்மா பயந்துவிட்டாயா என்று பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாய். ஆம், பயந்தேன். நீயும் பயந்தாய், உன் இந்தி தானாகவே வெளியே வந்தது.

நம்மை மீட்டது யார் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த மேகலா, ஒரு பரிசலில் ஏறி நம்மை நோக்கி வந்தாள். பரிசல்காரர் துடுப்புப் போட, மாட்டைச் சாய்க்க வைத்திருக்கும் கயிற்றில் சுருக்கிட்டு வீசினாள். அது நம் படகின் மூக்கில் சரியாக வந்து விழுந்தது. "அத்தை, ஆடாம உக்காருங்க" என்றவள், உன் பக்கம் திரும்பி, "நீங்களுந்தானுங்க" என்றாள். சத்தீஸ்கர் வரை வண்டி ஓட்டும் முதலாளியை ஒரு பரிசல் கட்டி இழுத்துவந்ததைத் துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கரையேறியதும் அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே உன்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க ஓட்டறதா இருந்தா நான் படகுல வரமாட்டனுங்க. கார்ல வாரேன்."

அதற்கு நீ, "என்ற மேல நம்பிக்கை இல்லாதவ என்னத்துக்குக் கட்டிக்கறே?" என்றாய்.

"அதையும் ஒருக்கா ரோசன பண்ணோணும் போலத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவளுடைய அப்பா நேற்று என்னை அழைத்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிடலாமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். பெண்ணைப் பெற்றவர் அந்தக் கேள்வியை மரியாதையாகக் கேட்டால் அதற்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். நீ இதற்கிடையில் புதன்கிழமை முன்பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். பளபளவென்று ஒரு படகைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவள் ஏறிவிடுவாள் என்பது உன் கணக்கு. அவள் புது மெருகைப் பார்த்து மயங்குகிறவளாக இருந்தால் உன் செருப்பின் உயரத்தை விசாரித்திருக்க மாட்டாள்.

கணவனை நம்புவது வேறு, அவன் ஓட்டும் வாகனத்தை நம்புவது வேறு. உன் அப்பாவை நான் எல்லா விஷயத்திலும் நம்பினேன். ஆனால் அவர் ஸ்கூட்டர் பழகிய காலத்தில் பின்னால் ஏற மறுத்து, புழுக்கத்தில் நின்றுகொண்டு பேருந்தில்தான் கல்லூரிக்குப் போனேன். ஒரு நாள் வந்து, "சங்ககிரி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன், உழுவல. இனி ஏறலாம்" என்றார். ஏறினேன். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய். 'நான் வரமாட்டேன்' என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்வது உறவை முறிக்க அல்ல. முறிக்க நினைப்பவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பத்திரிகை அச்சடிக்கும் நேரத்தில் அப்பாவைவிட்டுப் பேசச் சொல்வாள். இப்போது அவளுடைய அப்பா பேசத் தொடங்கிவிட்டார். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, படகுக்கு வருகிறேன். உன் ஆசை பொல்லாதது அல்ல; எனக்கும் அந்தத் தண்ணீரின் மேல் போவது, மோட்டார் நிற்கும் வரை, பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சொந்தப் படகு என்பது கடைசியில் வர வேண்டியது. முதலில் மற்றவர் படகில், ஓட்டுகிறவனாக அல்ல, கயிறு பிடிக்கிற ஆளாகப் போ. படகுக்குள் சேரும் தண்ணீரை இறை. பெட்ரோல் டப்பாவைத் தூக்கு. துறைக்கு வரும்போது குதித்துக் கட்டு. நீரோட்டத்துக்கு எதிர்முகமாக மூக்கைத் திருப்பி, அவசரமில்லாமல் கரைக்கு வருவதைப் பழகு. வேகமாகப் போவதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், மெல்ல வந்து நிற்பதற்குத்தான் காலம் பிடிக்கும். லாரியில் முன்பக்கம் போன வழியில் பின்பக்கம் வந்துவிடும். படகில் பின்பக்கம் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருக்கிறது, திரும்பும்போது அது வெளியே வீசும். காற்று அடிக்கும் நாளில் ஏறு, மழைக்கு இருட்டிவரும் நாளில் ஏறு, கதவணையைத் திறந்து தண்ணீர் ஓடும் நாளில் கரையில் உட்கார்ந்து பார். படகில் எத்தனை பேர் இருந்தால் எப்படித் திரும்புகிறது என்று கவனி. ஓட்டுகிறவன் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டிக்கொள்ள வேண்டும், அவன் தவறி விழுந்தால் அது மோட்டாரை நிறுத்திவிடும் என்கிறார் தாய்மாமன். கல்யாணத்தன்று கங்கணம் கட்டிய கைக்கும் அது பொருந்தும். கடற்கரை ஊர்களில் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. போய்ப் படி, பெஞ்சில் உட்கார வெட்கப்படாதே. சில மாதம் இப்படிச் சுற்றினால் உனக்கே தெரிந்துவிடும், உனக்கு வேண்டியது வெள்ளைக்காரன் பறக்கும் படகா, தட்டையான அடிப்புறத்தோடு ஆடாமல் போகும் படகா, அல்லது படகே வேண்டாமா என்று. பாடி கட்டும் யோசனையை மட்டும் இன்றே கைவிடு. பீரோ லாரியில் வரட்டும். நம்மிடம் இல்லாத லாரியா.

அதன் பிறகும் வேண்டும் என்றால் வாங்கு. உன்னோடு ஏறிய தாய்மாமன் உன்னைத் தனியாக விட்டுவிட்டுக் கரையில் பீடி பற்றவைத்துத் திரும்பி உட்காரும் நாள் வரட்டும். அன்று முழங்கால் வலித்தாலும் வருகிறேன், என் கையால் கொடுக்கிறேன். அதுவரை வேறு யாருடைய ராசியான கையையாவது தேடிக்கொண்டு போகாதே. அவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், சொல்லிவைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இன்று காலை நீ எழுந்து போன பிறகு மேகலாவும் என்னோடு பேசினாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, இட்லியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே மாமாவிடம் அந்த மோட்டார் படகை ஓட்டப் பழகுகிறாளாம். "வந்தா ரெண்டு பேருமே பழகலாமுங்க அத்தை. அவரு உழுந்தா நான் திருப்பிக்கிட்டு வரோணும், நான் உழுந்தா அவரு வரோணும். ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு என்னத்துக்கு ஆகுதுங்க?" என்றாள். பத்திரிகை அச்சடிக்கலாமா என்ற அவள் அப்பாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நீதான் சொல்ல வேண்டும், அதுவும் அவளிடம். இந்த ஞாயிறு காலை துறையில் இருப்பாள். படகு இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார். நீ ஒரு மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டு போ.